மதுரை–விஜயவாடா: சென்னையில் விமானம் மாற எவ்வளவு இடைவெளி வேண்டும்?

அடுத்த மாதம் அம்மாவை மதுரையிலிருந்து விஜயவாடாவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். மூட்டு அறுவை சிகிச்சை செய்தவர்; சக்கர நாற்காலி தேவை. இரவு முழுக்க ரயில் பயணம் அவரால் ஆகாது.

வான்வழி நேர்தூரம் சுமார் 800 கி.மீ. நேரடி விமானம் இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். எங்கள் தேதிகளில் கிடைக்கவில்லை. ஹைதராபாத், பெங்களூரு வழியாகத் தேடினேன். காத்திருப்பே அரை நாளைத் தின்றுவிடுகிறது. சென்னை ஏறக்குறைய நேர்வழியில் இருக்கிறது: மதுரையிலிருந்து 420, அங்கிருந்து 400 கி.மீ. ஆனால் இரு வேறு நிறுவனங்கள், தனித்தனி டிக்கெட். பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். டி1, டி4 என முனையமும் மாறும். பயண முகவர் "பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். அம்மா விஷயத்தில் அந்தப் பதில் எனக்குப் போதாது.

சக்கர நாற்காலியோடு இப்படி மாறியவர்கள் சொல்லுங்கள்: இரண்டரை மணி நேர இடைவெளி போதுமா?