கூகுள் போட்டோஸில் ஒரே படம் மூன்று தடவை: எப்படிக் கண்டுபிடித்து நீக்குவது?

தாழம்பூ (கேள்வி)

100 ஜிபி பிளான் வைத்திருக்கிறேன், 91 ஜிபி நிறைந்துவிட்டது. ஸ்டோரேஜ் பக்கம் காட்டும் கணக்கு: போட்டோஸ் 47, டிரைவ் 39, ஜிமெயில் 5. ஒரே அக்கவுண்ட்தான் இரண்டு ஆண்ட்ராய்டு போனிலும் ஒரு விண்டோஸ் லேப்டாப்பிலும் ஓடுகிறது. போன மாதம் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்த படங்களை எல்லாம் லேப்டாப்புக்கு மாற்றி, டிரைவ் ஃபார் டெஸ்க்டாப் (கம்ப்யூட்டரில் போடும் கூகுள் டிரைவ் புரோகிராம்) வழியாக ஏற்றினேன்.

2023 பொங்கல் படம் ஒன்று மூன்று இடத்தில் இருக்கிறது. முதலாவது 4000×3000, 4.1 எம்பி. இரண்டாவது 1600×1200, 240 கேபி. மூன்றாவது 4000×3000தான், ஆனால் 2.3 எம்பி. ஒரே படத்தை இரண்டு தடவை ஏற்றினால் அதுவே தவிர்த்துவிடும் என்றுதானே சொன்னார்கள்? டூப்ளிகேட்டைத் துடைத்துத் தரும் ஆப் ஏதாவது இருக்கிறதா?

கல்தூண்

ஆப் எதையும் இப்போதைக்குப் போடாதீங்க. பொங்கல் படம் அப்புறம். முதல்ல அந்த டிரைவ் 39 ஜிபியைப் பாருங்க. சாதாரணமா டாக்குமெண்ட் மட்டும் வைக்கிறவங்களுக்கு டிரைவ்ல அவ்வளவு சேராது.

டிரைவ் ஃபார் டெஸ்க்டாப்ல ஒரு ஃபோல்டரைச் சேர்க்கும்போது இரண்டு டிக் வரும். ஒன்று டிரைவோட சிங்க் செய்ய, இன்னொன்று போட்டோஸுக்கு பேக்கப் செய்ய. இரண்டையும் போட்டா படம் இரண்டு தடவை ஏறும், இடமும் இரண்டு தடவை போகும். போட்டோஸ்ல எத்தனை தேடினாலும் அந்த இரண்டாவது காப்பி தென்படாது, ஏன்னா அது அங்கே இல்லவே இல்லை.

பிரவுசர்ல டிரைவைத் திறந்து இடது பக்கம் 'கம்ப்யூட்டர்ஸ்' அழுத்துங்க. லேப்டாப் பெயருக்குக் கீழே அந்த ஃபோல்டர் எவ்வளவு இருக்கு?

தாழம்பூ

36 ஜிபி. நீங்கள் சொன்னதுபோல இரண்டு டிக்கும் இருந்தது. அதை அப்படியே டெலீட் செய்தால் போட்டோஸில் இருப்பதும் போய்விடுமா?

கல்தூண்

போகாது. 2019 ஜூலையிலேயே டிரைவையும் போட்டோஸையும் பிரிச்சுட்டாங்க. ஒன்றில் அழிச்சா மற்றதில் அழியாது. ஆனா லேப்டாப்ல அழியும்! அந்த ஃபோல்டர் இருவழி சிங்க். வெப்ல தூக்கிப் போட்டா லேப்டாப்ல இருக்கிறதும் சேர்ந்து போகும். அதனால வரிசை முக்கியம்:

1. ஹார்ட் டிஸ்க்கில் பழைய பிரதி முழுசா இருக்கான்னு திறந்து பாருங்க. போட்டோஸ்ல 'ஸ்டோரேஜ் சேவர்' தேர்வில் ஏற்றியிருந்தா அங்கே இருக்கிறது அமுக்கின பிரதி. 16 மெகாபிக்சலுக்கு மேல இருந்த படம் சுருங்கியிருக்கும், வீடியோ 1080பி ஆகியிருக்கும். அப்படின்னா உங்க ஒரிஜினல் டிரைவிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் மட்டும்தான்.
2. ஃபோல்டருக்குள்ள பிடிஎஃப், எக்செல் ஏதாவது கலந்திருக்கான்னு பாருங்க. போட்டோஸுக்குப் படமும் வீடியோவும் மட்டும்தான் போகும், மற்றதெல்லாம் டிரைவில்தான் நிற்கும். அதைத் தனியா எடுத்து வைங்க.
3. டிரைவ் ஃபார் டெஸ்க்டாப் → பிரிஃபரன்சஸ் → அந்த ஃபோல்டர் → டிரைவ் டிக்கை எடுத்து சேவ் செய்யுங்க. இப்போ இணைப்பு அறுந்துடும், இரண்டு பக்கமும் ஃபைல் அப்படியே இருக்கும்.
4. அதுக்கப்புறம்தான் வெப்ல 'கம்ப்யூட்டர்ஸ்' உள்ளே போய் ஃபோல்டரைக் குப்பைக்கு அனுப்பணும்.

மூன்றாவதைச் செய்யாம நான்காவதுக்குப் போகாதீங்க.

எண்மணி

ஏன் மூன்று பிரதி என்ற கேள்விக்கு வருகிறேன். போட்டோஸ் தவிர்ப்பது பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்கும் ஃபைலை மட்டுமே. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது அதற்குக் கணக்கில்லை. உள்ளே ஒரு தேதியைத் திருத்தினால்கூட வேறு ஃபைல்தான்.

உங்கள் மூன்றில் 4.1 எம்பி கேமராவிலிருந்து நேராக வந்தது. 1600×1200 இருப்பது வாட்ஸப் பிரதி. சாதாரணத் தரத்தில் அனுப்பினால் நீளப் பக்கத்தை 1600 பிக்சலுக்குச் சுருக்கி, கேமரா விவரத்தையும் எடுத்த இடத்தையும் உரித்துவிடும். ஃபைல் பெயரில் தேதிக்குப் பிறகு 'டபிள்யூஏ'வும் நான்கு எண்ணும் இருக்கும், பாருங்கள். மூன்றாவது, அளவு மாறாமல் எடை மட்டும் குறைந்தது. ஏதோ ஓர் ஆப் மறுபடி அமுக்கிச் சேமித்திருக்கிறது, அல்லது ஸ்டோரேஜ் சேவரில் இருந்ததை இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு இப்போது திரும்ப ஏற்றியிருக்கிறீர்கள்.

இப்படி அமுக்கிய பிரதிகளைச் சாதாரண ஹாஷ் (ஃபைலின் பைட்டுகளிலிருந்து கணக்கிடும், விரல்ரேகை மாதிரியான எண்) பிடிக்காது. படம் எப்படித் தெரிகிறது என்பதை வைத்துக் கணக்கிடும் உருவ ஹாஷ் வேண்டும். அதில் எளிமையான ஒரு வகை, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி 9×8 புள்ளியாகச் சுருக்கும். ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியைவிட வெளிச்சமா இருட்டா என்று ஒரு பிட் எழுதும். மொத்தம் 64 பிட். இரண்டு படத்துக்கு நடுவில் எத்தனை பிட் மாறியிருக்கிறது என்பதே வித்தியாசம். வாட்ஸப் எவ்வளவு சுருக்கினாலும் இந்த 64 பிட் பெரும்பாலும் அசையாது.

இதே காரணத்தால்தான் ஏமாறவும் செய்யும். பத்திரத்தின் மூன்றாம் பக்கமும் நான்காம் பக்கமும் 9×8-க்குச் சுருங்கினால் இரண்டும் வெள்ளைக் காகிதம்தான். ரேஷன் கார்டு ஸ்கேன், மார்க் ஷீட், இரவு வானம், கறுப்புப் பின்னணி ஸ்கிரீன்ஷாட், எல்லாம் 'டூப்ளிகேட்' என்று வந்து நிற்கும். டாக்குமெண்ட் படங்களைத் தனி ஃபோல்டருக்கு ஒதுக்கிவிட்டுத்தான் தேட வேண்டும்.

ஊசிநூல்

கூகுள் லாகின் கேட்டு "நாங்கள் சுத்தம் செய்து தருகிறோம்" என்று வரும் தளங்களை நம்பி இறங்காதீர்கள். 2025 மார்ச் 31-க்குப் பிறகு வெளி ஆப்களால் போட்டோஸ் ஏபிஐ (வெளி ஆப்களுக்கு கூகுள் தரும் இணைப்பு வழி) வழியாக உங்கள் முழு லைப்ரரியையும் பார்க்க முடியாது. தாங்கள் ஏற்றியதையும் நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுப்பதையும் மட்டுமே பார்க்கும். ஆகவே தேடலை உங்கள் கம்ப்யூட்டரில்தான் நடத்த வேண்டும்.

கூகுளில் இருக்கும் உங்கள் டேட்டாவை இறக்கித் தரும் டேக்அவுட்டில் போய் 'டிசெலக்ட் ஆல்' கொடுத்து, கூகுள் போட்டோஸை மட்டும் டிக் செய்யுங்கள். அதற்குள் ஆல்பம் பட்டியலைத் திறந்து வருட ஃபோல்டர்களை மட்டும் வையுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். ஆல்பத்தில் இருக்கும் படத்தை டேக்அவுட் வருட ஃபோல்டரிலும் ஆல்ப ஃபோல்டரிலுமாக இரண்டு தடவை தரும். அதைப் பார்த்து, கிளவுடிலும் இரட்டையாக இருக்கிறது என்று நினைத்து அழித்தால் ஒரே பிரதியும் போய்விடும். போட்டோஸில் ஆல்பம் என்பது வெறும் சுட்டிதான்.

சும்மா பார்ப்பதற்கு ச்காஃப்கா (Czkawka) என்ற டூப்ளிகேட் தேடும் புரோகிராம் போதும். இலவசம், ஓப்பன் சோர்ஸ். (போலிஷ் மொழியில் விக்கல் என்று அர்த்தமாம். டூப்ளிகேட்டுக்குப் பொருத்தமான பெயர்.) முதலில் 'டூப்ளிகேட் ஃபைல்ஸ்' ஓட்டி அச்சு அசல் பிரதிகளைத் தள்ளிவிடுங்கள். பிறகு 'சிமிலர் இமேஜஸ்': ஹாஷ் அளவு 16 வைத்து, ஒற்றுமையை மிக உயர்ந்த நிலையில் தொடங்குங்கள். கீழே இறக்க இறக்க, அடுத்தடுத்த நொடியில் எடுத்த குரூப் போட்டோக்கள் எல்லாம் வந்து விழும்.

இதே வேலை செய்யும் டூப்குரு (dupeGuru) பயன்படுத்தினால் படங்களுக்கான மோடைத் தேர்ந்தெடுத்து, அளவு வேறுபட்ட படங்களையும் ஒப்பிடும் ஆப்ஷனை ஆன் செய்யுங்கள். அது ஆஃபில் இருந்தால் 4000×3000-உம் 1600×1200-உம் ஜோடி சேராது. கேமரா ஃபோல்டரை 'ரெஃபரன்ஸ்' என்று குறித்துவிட்டால் அதிலிருந்து எதையும் அது அழிக்க விடாது.

எதிலும் டெலீட் பொத்தானைத் தொடாமல் வேறு ஃபோல்டருக்கு மூவ் செய்து ஒரு தடவை கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

தாழம்பூ

வாட்ஸப் பிரதி மட்டும் 1,900 ஜோடி சிக்கியது. ஆனால் இதெல்லாம் லேப்டாப்பில்தானே? கிளவுடில் இருக்கும் 1,900-ஐ எப்படி நீக்குவது? ஒவ்வொரு ஃபைல் பெயராகத் தேட வேண்டுமா?

கல்தூண்

ஃபைல் பெயரைப் போட்டுத் தேடினா போட்டோஸ்ல வரும், ஆனா 1,900 தடவை தேடுறதுக்கு ஆயுள் போதாது. முதல்ல பெருக்கிப் பாருங்க: 1,900 × 240 கேபி, அரை ஜிபிகூட வரலை. விட்டுடுங்க. எச்.264-ல (வீடியோவை அமுக்கும் ஒரு முறை) 4கே வீடியோ ஒரு நிமிஷமே சுமார் 350 எம்பி ஆகும். அப்படி இரண்டு நிமிஷ டூப்ளிகேட் ஒன்றை அழிச்சாலே இந்த 1,900-ஐயும் தாண்டிடும்.

போட்டோஸ் → மேனேஜ் ஸ்டோரேஜ் → பெரிய படம், வீடியோ பட்டியல். பெரிசிலிருந்து சிறிசாக வரிசையா இருக்கும். இரட்டை வீடியோ இருந்தா எடை ஒன்றாக இருக்கிறதால பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காரும். அங்கேயே தட்டித் தூக்குங்க.

2021 ஜூன் 1-க்கு முன்னாடி 'ஹை குவாலிட்டி'யில் (ஸ்டோரேஜ் சேவரோட பழைய பெயர்) ஏற்றினது எதுவும் கோட்டாவில், அதாவது உங்க 100 ஜிபி கணக்கில், சேராது. அதை அழிச்சா ஒரு எம்பிகூடத் திரும்பி வராது, படம் போனதுதான் மிச்சம்.

எண்மணி

போனில் வாட்ஸப் இமேஜஸ் ஃபோல்டரை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். போட்டோஸ் ஆப்பில் பேக்கப் ஆன படத்தை டெலீட் செய்தால் போனிலும் கிளவுடிலும் சேர்ந்தே போகும். சாட்டில் மங்கலாகக் காலிக் கட்டம்தான் மிஞ்சும். அதைவிட முக்கியம், உறவினர் அனுப்பிய கல்யாணப் படத்துக்கு உங்களிடம் வாட்ஸப் பிரதிதான் ஒரே பிரதி. 1,900 ஜோடி போக மீதி இருப்பதெல்லாம் அப்படித்தான். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதற்கு 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' தனியாக இருக்கிறது.

இனிமேல் சேராமல் இருக்க, இரண்டு போனிலும் பேக்கப் செட்டிங்ஸ் → டிவைஸ் ஃபோல்டர்ஸில் வாட்ஸப் இமேஜஸை ஆஃப் செய்யுங்கள். ஒன்றில் மட்டும் செய்தால் மற்றது ஏற்றிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே ஏறியது ஆஃப் செய்வதால் போகாது.

பனைஓலை

ஐபோன்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: ஐஓஎஸ் 16 முதல் ஆப்பிளின் சொந்த போட்டோஸ் ஆப்பிலேயே 'டூப்ளிகேட்ஸ்' உண்டு. 'மெர்ஜ்' கொடுத்தால் தரமான பிரதியை வைத்துக்கொண்டு மற்றதை 'ரீசன்ட்லி டெலீட்டட்'டுக்கு அனுப்பும். அந்தப் பகுதியே தெரியவில்லை என்றால் போனை லாக் செய்து சார்ஜில் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். விண்டோஸுக்கு கேபிளில் மாற்றும்போது 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி'யை 'கீப் ஒரிஜினல்ஸ்' ஆக்குங்கள். 'ஆட்டோமேட்டிக்'கில் ஹெச்இஐசி (ஐபோன் படம் சேமிக்கும் ஃபார்மேட்) ஜேபெக்காக மாறிப் போய், திரும்ப ஏற்றும்போது இரண்டாவது பிரதியாக நிற்கும்.

தாழம்பூ

டிரைவ் ஃபோல்டரை அறுத்து, குப்பைக்கு அனுப்பிவிட்டேன். இரட்டை வீடியோ ஒன்பது கிடைத்தது, அதுவும் போய்விட்டது. ஆனால் ஸ்டோரேஜ் பக்கத்தில் டிரைவ் இன்னும் 39 ஜிபி என்றே நிற்கிறது. இரண்டு குப்பையையும் காலி செய்யட்டுமா?

கல்தூண்

டிரைவ் குப்பையை மட்டும். குப்பையில் கிடக்கிறதும் டிரைவ்ல கோட்டாவைத் தின்னும், தானா காலியாக 30 நாள் ஆகும். ஹார்ட் டிஸ்க் பிரதியில் பத்து இருபது ஃபைலைத் திறந்து பார்த்துட்டுக் காலி பண்ணுங்க. கணக்கு உடனே குறையலைன்னா கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்க. போட்டோஸ் குப்பையைத் தொடாதீங்க. பேக்கப் ஆனது 60 நாள் அங்கேயே இருக்கும், தப்பாப் போன வீடியோ ஏதாவது இருந்தா அதுக்குள்ள வீட்ல யாராவது கேட்டுடுவாங்க.