ஷேக்ஸ்பியர் நாடகமும் அதைப் பற்றிய ஆய்வு நூலும் ஒரே அலமாரியில் வேண்டுமா?

மேடைவாசி:
நாடகக்காரனாக எனக்கு ரொம்ப நாளாக உள்ள ஆதங்கம் இது. பொருளுக்கு ஓர் எண் கொடுத்து நூல்களை அடுக்கும் டியூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகத்தில், ஷேக்ஸ்பியருக்கான 822.33 அலமாரிக்குப் போனால், ஷேக்ஸ்பியர் எழுதியதும் அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியதும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. நடிகர்களோடு உட்கார்ந்து வாசிக்க ஹாம்லெட் பிரதி தேடி வருபவர், வாழ்க்கை வரலாறு, திறனாய்வு, தேர்வுக் கையேடு என்று எல்லாவற்றையும் தள்ளித் தள்ளித்தான் நாடகத்தைக் கண்டெடுக்க வேண்டியிருக்கிறது. நாடகங்களைத் தனியாக வையுங்கள், அவற்றைப் பற்றிய நூல்களை வேறு அலமாரிக்குக் கொண்டு போங்கள். வாசிக்க வருபவரும் ஆராய வருபவரும் வேறு வேறு ஆட்கள்.

பகுப்பெண்:
கடுமையாக மறுக்கிறேன். கலந்து கிடந்தால் அது அடுக்கியவர்களின் குறை, முறையின் குறை இல்லை. டியூயியில் ஷேக்ஸ்பியருக்கென்றே 822.33க்குக் கீழே தனி எழுத்து வரிசை இருக்கிறது. ஏ என்றால் இந்த நாடகங்களை உண்மையில் எழுதியது யார் என்ற சர்ச்சை நூல்கள், பி வாழ்க்கை வரலாறு, டி பொதுவான திறனாய்வு. அப்புறம் ஒவ்வொரு நாடகத்துக்கும் இரண்டு எண்கள்: ஒற்றைப்படை மூலத்துக்கு, அடுத்து வரும் இரட்டைப்படை அதைப் பற்றிய நூல்களுக்கு. ஹாம்லெட் எஸ்7, ஹாம்லெட் ஆய்வு எஸ்8. முதலில் நாடகம் கைக்கு வரும், வலப்பக்கம் நகர்ந்தால் அதைப் பற்றிப் பேசியவர்கள் வரிசையாக நிற்பார்கள். இதைவிட ஒரு வாசகருக்கு என்ன செய்து கொடுக்க முடியும்?

மேடைவாசி:
சரி, இந்த எழுத்து வரிசையை எத்தனை நூலகம் பயன்படுத்துகிறது சொல்லுங்கள். சின்ன நூலகங்கள் 822.33 என்று நிறுத்திவிட்டு, கீழே நூலாசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைப் போட்டு ஒட்டிவிடுகின்றன. அதன் விளைவைப் பாருங்கள். ஏ.சி. பிராட்லி 1904இல் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் துன்பியல் ஆய்வு, ஆங்கில அகரவரிசைப்படி 'பி' எழுத்தில் போய் உட்காருகிறது. அவர் ஆராய்ந்த லியர் மன்னன் 'எஸ்' எழுத்தில் இருக்கிறது. எண் ஒன்றுதான், நடுவில் முழு அலமாரியே கிடக்கிறது. சேர்த்தும் வைக்கவில்லை, பிரித்தும் வைக்கவில்லை. இதற்குப் பேசாமல் பிரித்தே வைத்துவிடலாம் என்கிறேன்.

பகுப்பெண்:
அதற்கு மருந்து சின்னதுதான். பிராட்லி நூலின் முதுகில் ஒட்டும் எண் சீட்டிலும் முதலில் ஷேக்ஸ்பியரின் மூன்றெழுத்து, அதற்குக் கீழே பிராட்லியின் முதலெழுத்து. ஒரு சீட்டை மாற்றி ஒட்டும் வேலைக்காக மொத்த அலமாரியையும் ஏன் உடைக்க வேண்டும்?

அடிக்குறிப்பு:
இருவருமே "நாடகம்", "நாடகத்தைப் பற்றிய நூல்" என்று கோடு கிழித்தது போலப் பேசுகிறீர்கள், கையில் எடுத்துப் பார்த்தால் அப்படி இல்லை. ஆர்டன் என்ற ஷேக்ஸ்பியர் பதிப்பு வரிசையின் மூன்றாம் சுற்றில் 2006இல் வந்த ஹாம்லெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் நீண்ட ஆய்வு முன்னுரை, அப்புறம் பக்கத்துக்குப் பக்கம் மேலே வசனம், கீழே பொடி எழுத்தில் குறிப்புகள், சில பக்கங்களில் குறிப்பு ஏறி ஏறி வசனம் நாலைந்து வரியாகச் சுருங்கி நிற்கிறது. அது 1604-05இல் இரண்டாம் குவார்ட்டோ என்ற சிறு அளவுப் பழைய பதிப்பில் வந்த பாடம், அதாவது நாடகத்தின் ஒரு வடிவம். 1603 பதிப்பும் ஃபோலியோ என்ற 1623 பெரிய அளவுத் தொகுப்பும் சொல்கிற ஹாம்லெட்டுகள் துணைத் தொகுதியாகத் தனியே இருக்கின்றன. இதை எந்தப் பக்கம் வைப்பீர்கள், மேடைவாசி? மூலம் என்று நாடக அலமாரியில் வைத்தால் உங்கள் நடிகர் குறிப்புகளில் மாட்டிக்கொள்வார். ஆய்வு என்று தள்ளிவைத்தால் மூன்று பாடங்களையும் தந்த பதிப்பே நாடக அலமாரியில் இருக்காது. எனக்கு இது சும்மா அடுக்கு வேலை இல்லை, எந்த ஹாம்லெட்டை வாசிக்கிறோம் என்பதே இதில் அடங்கியிருக்கிறது.

மேடைவாசி:
குறிப்பு மலிந்த பதிப்பை ஆய்வுப் பக்கமே வைக்கலாம், வெறும் வசனப் பிரதி நாடகப் பக்கம் இருக்கட்டும். எனக்கு அதில் சிக்கல் தெரியவில்லை. ஆனால் "சேர்த்து வைக்கிறோம்" என்று பெருமையாகச் சொல்கிற இதே டியூயி மற்ற நாடகாசிரியர்களை என்ன செய்கிறது? ஆஸ்கர் வைல்டின் நாடகங்கள் 822.8, நாவல் 823.8, கவிதை 821.8. செகாவின் நாடகங்கள் 891.72, சிறுகதைகள் 891.73. ஒரே மனிதரை வடிவம் வடிவமாக வெட்டிவிடுகிறார்கள், ஷேக்ஸ்பியரின் சானெட் கவிதைகள்கூட 821.3க்குப் போய்விடுகின்றன. மேடையேற்றம் பற்றிய நூல் 792க்குப் போகிறது, திரைப்படம் 791.43க்கு, ஒதெல்லோவை வைத்து வெர்டி செய்த இசைநாடகம் 782.1க்கு. ஓர் இயக்குநருக்கு முதலில் தேவைப்படுவது மேடையேற்ற நூல்தான், அதுவே இந்த அலமாரியில் இல்லை.

பகுப்பெண்:
இது நியாயமான கேள்வி, இதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் இது பிரித்து வைக்கச் சொல்லும் வாதம் இல்லையே, இன்னும் சேர்த்து வைக்கச் சொல்லும் வாதம்! அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பகுப்பைப் பாருங்கள், அங்கே வடிவத்தைப் பார்த்து வெட்டுவதில்லை, ஆள்தான் கணக்கு. ஷேக்ஸ்பியருக்குப் பிஆர்2750 முதல் 3112 வரை. ஹாம்லெட் பிஆர்2807, அந்த ஓர் எண்ணுக்குள்ளேயே மூலப் பதிப்புகள் முன்னால், திறனாய்வுகள் பின்னால். வைல்டின் நாடகமும் நாவலும் கவிதையும் பிஆர்5810இலிருந்து ஒன்றாக நிற்கின்றன.

தமிழ்வாசகி:
எல்லாரும் ஆங்கிலத்தில் வாசிப்பவரை மட்டும் நினைத்துப் பேசுகிறீர்கள். டியூயியில் மொழிபெயர்ப்பு மூலமொழியின் எண்ணுக்குத்தான் போகும், ஆகவே தமிழில் வந்த ஹாம்லெட்டும் 822.33தான். தமிழ் மட்டும் வாசிக்கும் ஒருவர் 894.8112க்குப் போய்த் தமிழ் நாடகங்களைத் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்று திரும்பிவிடுவார். ஆனால் அதே ஹாம்லெட்டைத் தழுவிப் பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய அமலாதித்யன் தழுவல் என்பதால் தமிழ் நாடகத்தோடு இருக்கும். கதை ஒன்று, இரண்டும் தமிழ், இருக்கும் இடம் வேறு வேறு. எனக்கு நாடகம் தனியா ஆய்வு தனியா என்பதைவிட இதுதான் பெரிய குறை.

அடிக்குறிப்பு:
இதை இந்திய நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் யோசித்திருக்கிறார். 1933இல் முதலில் வந்த அவருடைய கோலன் பகுப்பு முறையில் ஷேக்ஸ்பியர் ஓ111,2ஜே64. ஓ இலக்கியம், 111 ஆங்கிலம், 2 நாடகம், ஜே64 என்றால் 1564இல் பிறந்தவர். (நாடகாசிரியர் மார்லோவும் அதே ஆண்டு பிறந்தவர், எண்ணை மேலும் நீட்டித்தான் இருவரையும் பிரிக்க வேண்டும்.) நாடகத்தின் எண்ணோடு ஒரு முக்காற்புள்ளியும் 'ஜி' எழுத்தும் சேர்த்தால் அது திறனாய்வு. அதனால் ஆய்வு எப்போதும் தன் நாடகத்தை ஒட்டியே நிற்கும், வேறெங்கும் போக முடியாது. நூலுக்கென்று அவர் கொடுக்கும் தனி எண்ணிலும் முதலில் வருவது அது எந்த மொழியில் இருக்கிறது என்பதுதான். தமிழ் ஹாம்லெட் ஹாம்லெட்டோடு இருக்கும், தமிழ் என்று சீட்டிலேயே தெரியும்.

தமிழ்வாசகி:
சீட்டில் தெரிவது அந்த அலமாரி முன்னால் போய் நிற்பவருக்குத்தான். அங்கே போகவே தோன்றாதவருக்கு?

பகுப்பெண்:
அதற்குத்தான் நூற்பட்டியல். மார்க் என்ற கணினி நூற்பட்டியல் பதிவில் 100ஆம் புலத்தில் ஷேக்ஸ்பியர் இருந்தால் எழுதியவர், 600இல் இருந்தால் அவரைப் பற்றிய நூல். மொழிக்கும் தனிக் குறி உண்டு. கணினியில் தேடினால் தமிழ் ஹாம்லெட் மட்டும் வரும்படி செய்யலாம். ஒரு பிரதி ஓர் இடத்தில்தான் நிற்க முடியும், மற்ற உறவுகளைப் பட்டியல்தான் தாங்க வேண்டும்.

மேடைவாசி:
பட்டியல் எல்லாவற்றையும் தாங்கும் என்றால் அலமாரியில் சேர்த்து வைக்க ஏன் இவ்வளவு போராட்டம்? அலமாரி முன்னால் நின்று புரட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நானும் அப்படித்தான். அவர்களுக்காகவே கேட்கிறேன்: ஒவ்வொரு நாடகத்துக்கும் குறிப்பில்லாத ஒரு வசனப் பிரதி, தமிழில் இருந்தால் அதிலும் ஒன்று, நுழைவாயிலுக்குப் பக்கத்தில் நாடகம் என்று பலகை போட்ட தனி அலமாரியில் வையுங்கள். மீதி எல்லாம் 822.33இல் உங்கள் ஒற்றைப்படை இரட்டைப்படைப்படியே இருக்கட்டும்.

பகுப்பெண்:
கூடுதல் பிரதி வாங்க முடிந்தால் செய்யலாம், மறுக்க மாட்டேன். ஒரே பிரதிதான் இருக்கிறது என்றால் அது எஸ்7இல்தான் இருக்கும், எஸ்8க்குப் பக்கத்தில். அதில் மட்டும் இறங்கி வர மாட்டேன்.