இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோபிக்காரன், டல்லாஸ்:
பத்து வருடம் தள்ளிப்போட்டு, சென்ற ஆண்டுதான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினேன். அங்கே உறுதிமொழி எடுத்த அன்றே நம் இந்தியக் குடியுரிமைக் கணக்கு முடிந்துவிடுகிறது. 1955ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அப்படி. பிறகு தூதரகத்துக்கு விண்ணப்பிப்பது பாஸ்போர்ட்டை ரத்து செய்து சான்றிதழ் வாங்கத்தான். அது இல்லாமல் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) கேட்க முடியாது.

என்னை மாட்டிவிட்டது இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் குடும்பப் பெயர். குடியுரிமை வாங்கும்போது பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஆசைப்பட்டு, என் பெயரையே இரண்டாக உடைத்துப் பின்பாதியைக் குடும்பப் பெயராக்கினேன். வினை! இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரி முன் பத்திரம் எழுதி, திரும்பி வந்த உறையை மறுபடி அனுப்பி, ஏழு வாரம் போயிற்று.

அப்பாவுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. தடப்பள்ளி வாய்க்கால் பாயும் எங்கள் வயலைப் பற்றித்தான் கேட்டார்: "உன் பேருக்கு வருமா கண்ணு?" வாரிசாக வரும். ஆனால் விவசாய நிலம் என்பதால், இப்போதே அவர் தானமாக எழுதித் தரவோ, பக்கத்து வயல் விலைக்கு வந்தால் நான் வாங்கவோ முடியாது. வெளிநாட்டில் குடியிருந்தவரை முன்பும் இதே தடைதான். ஆனால் அப்போது ஊர் திரும்பிக் குடியேறினால் நீங்கியிருக்கும். இனி நீங்காது. அதைச் சொன்னதும் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

திருப்பூர்ப் பெண், சிங்கப்பூர்:
நான் அதே சட்டத்தின் 8ஆம் பிரிவில் இந்தியக் குடியுரிமையை நானே அறிவித்துத் துறந்தவள். அப்படித் துறந்தால் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் இந்தியக் குடியுரிமையும் கூடவே போய்விடுகிறது. வேண்டுமென்றால், வயது நிரம்பிய ஓராண்டுக்குள் மீண்டும் இந்தியக் குடிமகனாக விரும்புவதாக அவனே அறிவிக்கலாம். இதை எங்கள் அம்மாவிடம் சொன்னேன். "ஒன்பது வயதுப் பையனைக் கேட்காமல் எப்படிக் கையெழுத்துப் போட்டாய்?" என்றார். பேரனிடம் அம்மாயி கேட்டபோது, கிரிக்கெட்டில் இந்தியாவுக்குக் கை தட்டலாமா என்பதுதான் அவன் கவலை.

பெருந்துறை, மியூனிக்:
ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் பழைய குடியுரிமையை விடச் சொல்வதில்லை. அதைக் கேட்டு இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பினேன். நம் சட்டம் மாறவில்லை என்பது புத்திக்கு எட்டவில்லை. ஜெர்மன் பாஸ்போர்ட் வந்த பிறகும் பழையதைக் காட்டிப் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்தேன். ஒப்படைக்கும்போது பக்கத்தைப் புரட்டி முத்திரைத் தேதியைப் பார்த்துவிட்டார்கள். எழுதிய மொய்யைவிட அபராதம் அதிகம்.