வால்வு ‘இருக்கை இறக்கம்’, ‘விடுவெளி’: இரண்டு சொல் முன்மொழிவுகள்

வணக்கம்.

பழைய லாரி எஞ்சின்களின் வால்வு இயக்கப் பகுதிகளில் ஏற்படும் பழுதுகள் அனைத்தையும் ‘வால்வுத் தேய்மானம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அங்கே நேர்மாறான விளைவைத் தரும் இருவகைத் தேய்வுகள் உள்ளன. இரண்டுக்கும் ஒரே பெயரிட்டால், தமிழில் படித்துப் பழுதுபார்ப்பவர் தவறான இடத்தில் கை வைக்க நேரும்.

இசுஸுவின் 4பிடி1 டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் சரக்கு வாகனங்களுக்குச் சட்டப்படி 20 ஆண்டே ஆயுள் என்பதால் அதை இங்கே சாலையில் காண்பது அரிது. ஆயினும் அதன் அமைப்பு எளியது, விளக்கத்துக்கு ஏற்றது. மேடுகள் கொண்ட சுழல்தண்டான கேம் தண்டின் அசைவு, மேட்டின் மேல் அமரும் டேப்பட், அது தள்ளும் கம்பியான புஷ் ராடு, துலாக்கோல்போல் அசையும் ராக்கர் ஆகியவற்றின் வழியாக வால்வுக்குச் செல்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ராக்கர் நுனிக்கும் வால்வுத் தண்டின் தலைக்கும் இடையே 0.40 மி.மீ. விட வேண்டும். சூட்டில் உலோகம் நீளும்போதும் வால்வு முழுமையாக மூடுவதற்காக வேண்டுமென்றே விடப்படும் இடம் இது.

டேப்பட்டின் முகம், புஷ் ராடின் முனைகள், ராக்கர் நுனி ஆகியவற்றில் எது தேய்ந்தாலும் இந்த இடம் கூடும். வால்வு தாமதமாகவும் குறைவாகவும் திறக்கும்; ‘டிக் டிக்’ என்ற ஒலி கேட்கும். சிங்கப்பூரின் காக்கி புக்கிட் பட்டறையாயினும் மதுரைப் பட்டறையாயினும் இதை ‘டேப்பட் சத்தம்’ என்றே சொல்வார்கள். ஆனால் வால்வு அமரும் இருக்கை தேய்ந்தால், வால்வு எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்குள் ஏறி, அதன் தண்டு ராக்கரை நோக்கி உயர்கிறது. அதனால் அந்த இடம் குறைகிறது. ஒலி எழாததால் எவரும் கவனிப்பதில்லை. ஒரு கட்டத்தில் வால்வு முழுமையாக மூடாமல் அழுத்தம் கசியும். வால்வு தன் வெப்பத்தின் பெரும்பகுதியை இருக்கையைத் தொட்டே இழக்க வேண்டியிருப்பதால், அந்தத் தொடுகை கெட்டவுடன் வெளியேற்று வால்வின் விளிம்பு கருகிவிடும். ஒலி எழுப்பும் பழுதைக் காட்டிலும் இதுவே ஆபத்தானது. பெயரில்லாமல் இருப்பதும் இதுதான்.

இதற்கு ‘இருக்கை இறக்கம்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ‘சீட் இறங்கிவிட்டது’ என்ற பேச்சு வழக்கை ஒட்டியிருப்பதால், விளக்கம் தராமலே புரியும். ‘உள்வாங்கல்’ என்ற மாற்றையும் எண்ணிப் பார்த்தேன். எஞ்சின் காற்றை உள்வாங்கும் வீச்சோடு அது குழம்பும். ‘அமிழ்வு’ என்பதோ நீர்மத்தில் மூழ்குவதை நினைவூட்டுகிறது.

வேண்டுமென்றே விடப்படும் அந்த 0.40 மி.மீ. இடத்தை ‘விடுவெளி’ என்று அழைக்கலாம். ‘இடைவெளி’ பொதுச்சொல், வால்வுத் தண்டுக்கும் அது ஏறி இறங்கும் குழாயான கைடுக்கும் இடையே தேய்வினால் விரியும் இடத்தையும் அப்படித்தான் சொல்கிறோம். விடுவெளி என்றால் அளந்து விட்டது என்ற பொருள் சொல்லிலேயே கிடைக்கிறது. இனி இவ்வாறு எழுதலாம்: “ராக்கர் நுனித் தேய்வு விடுவெளியைக் கூட்டும், இருக்கை இறக்கம் விடுவெளியைக் குறைக்கும்.”

பழுதுபார்க்கும் முறையும் இந்தப் பிரிவையே பின்பற்றுகிறது. ராக்கர் நுனியில் பள்ளம் விழுந்திருந்தால், விடுவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு பள்ளத்தின் மேல் பாலம்போல் கிடந்து, உண்மையான விடுவெளியைக் குறைத்துக் காட்டும். நுனியைச் சாணை பிடித்துச் சமப்படுத்திய பிறகோ ராக்கரை மாற்றிய பிறகோதான் அளக்க வேண்டும். இருக்கை இறங்கியிருந்தால், விடுவெளியை மீண்டும் 0.40 மி.மீ. ஆக்குவது மட்டும் தீர்வாகாது. ஹெட்டைக் கழற்றி, முதலில் கைடைச் சரிசெய்ய வேண்டும். இருக்கையைக் கடையும் கருவியின் தண்டு கைடுக்குள் நின்றே சுழல்வதால், கைடு தேய்ந்திருந்தால் புதிய இருக்கையும் மையம் விலகும். இறக்கம் மிகுதியென்றால் புதிய இருக்கை வளையத்தைப் பொருத்த வேண்டும். பழைய இருக்கையையே கடைந்தால் வால்வுத் தண்டு மேலும் உயர்ந்து வால்வின் சுருள்வில் தளரும். வில்லின் அடியில் ஷிம் என்ற மெல்லிய வளையத் தகட்டை வைத்து அந்த உயரத்தை ஈடுசெய்ய வேண்டும்.

டேப்பட், ராக்கர், புஷ் ராடு, கைடு ஆகியவற்றைப் பட்டறை வழக்கிலேயே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ‘இருக்கை இறக்கம்’, ‘விடுவெளி’ ஆகிய இரண்டைப் பற்றி, குறிப்பாக ஹெட் வேலையில் நேரடிப் பழக்கம் உள்ளவர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.