புதுப்பிப்பு: கேமரா பாடம் தேடினேனே, அது என்னாச்சு

போன மாசம் இங்கே கேட்டிருந்தேன்: புது கேமரா கையில, ஒண்ணும் தெரியாது, எந்த வீடியோவில் தொடங்கலாம்னு. நீங்க சொன்னபடி யூடியூபில் தேடினேன். பாதிக்கு மேல எந்த கேமரா வாங்கலாம்னுதான் பேச்சு. அதான் வாங்கியாச்சேப்பா!

கடைசியில் அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரத்தோட அளவு), ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழுற நேரம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) மூணையும் தனித்தனியா, படம் எடுத்துக் காட்டியே விளக்குற தொடர் ஒண்ணு சிக்கியது. ஒரு பாடம் பார்த்ததும் நிறுத்திட்டு கொடைக்கானல்ல மலை விளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்குக்குக் கிளம்பிடுவேன். முதல் நாள் படத்துல மூடுபனி மொத்தமும் அழுக்கு வேட்டி மாதிரி சாம்பலா விழுந்தது. கேமராவில் வெளிச்சத்தை அளக்குற மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் கணக்குப் போடுமாம். படத்தைக் கூடுதல் வெளிச்சமாவோ இருட்டாவோ ஆக்குற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 ஏத்தினேன், பனி வெள்ளையாச்சு.

அங்கேயே இருக்குற தூண் பாறைக்கும் ரெண்டு தடவை போயாச்சு. மேகம் விலகவே இல்லை. அடுத்து ஹிஸ்டோகிராம் (படத்துல இருட்டும் வெளிச்சமும் எவ்வளவுன்னு காட்டுற வரைபடம்) பாடம்.