'ஒற்றைவளைவி' என்னும் சொல்லை முன்மொழிகிறேன்

அன்புடையீர், வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில், பாலூட்டிகளும் அவற்றின் அழிந்துபோன உறவினங்களும் அடங்கிய சினாப்சிட் என்னும் விலங்குக் கிளைக்குப் 'பாலூட்டிசார் ஊர்வன' என்ற பழைய சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று ஆசிரியை அம்மா எழுதியிருந்தார்கள். அச்சொல் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும் என்பது அவர்கள் கருத்து. அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அச்சொல் விளக்குவது தவறான உறவுமுறையை என்பதால் அதை ஏற்க இயலவில்லை.

பனிக்குடத்துக்குள் கரு வளரும் முதுகெலும்பிகள், 300 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன்பே இரு கிளைகளாகப் பிரிந்துவிட்டன. ஒரு கிளையில் ஆமை, பல்லி, பாம்பு, முதலை, டைனோசர், டைனோசரின் வழிவந்த பறவை ஆகியவை அடங்கும்; மற்றதான சினாப்சிட் கிளையில் டைமெட்ரோடான், பாலூட்டிகளுக்கு முன்னோடியான சைனோடான்ட், பாலூட்டிகள், நாம். ஆகவே ஊர்வன நமக்கு மூதாதையர் அல்ல, பங்காளிகள். முதுகில் பாய்மரம் போன்ற துடுப்புடைய டைமெட்ரோடானைப் பொம்மைக் கடைகளில் டைனோசர்களோடு சேர்த்து விற்கிறார்கள். அதுவோ முதல் டைனோசர் தோன்றுவதற்குப் பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன, நம் கிளையைச் சேர்ந்த விலங்கு. சிங்கப்பூரின் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் அமெரிக்காவின் வயோமிங்கிலிருந்து வந்த மூன்று நெடுங்கழுத்து டைனோசர்களின் எலும்புக்கூடுகளுக்கு முன்னால் நின்று, "பாலூட்டி இவற்றிலிருந்தா வந்தது?" என்று ஒரு பிள்ளை தமிழில் கேட்டால், 'பாலூட்டிசார் ஊர்வன' என்ற சொல் பெற்றோரை ஆம் என்று சொல்லவைத்துவிடும்.

'ஒருதுளையி' என்று மற்றொரு நண்பர் பரிந்துரைத்தது அமைப்பை நோக்கிய சொல் என்பதால் அதைவிட மேலானது. கண்குழிக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு துளை என்பதே இக்கிளையின் அடையாளம். எனினும் முட்டையிடும் பாலூட்டியான வாத்தலகிக்கும் எக்கிட்னாவுக்கும் உரிய மோனோட்ரீம் என்ற பெயரும் ஒற்றைத் துளை என்றே பொருள்படுவதால், இரண்டும் ஓரிடத்தில் வரும்போது படிப்பவர் குழம்புவார்.

எனவே 'ஒற்றைவளைவி'. துளையின் கீழ்விளிம்பாக அமையும் எலும்பு வளைவை இது குறிக்கிறது. 1903இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஹென்றி ஃபேர்ஃபீல்டு ஆஸ்பர்ன் சினாப்சிடா என்று பெயரிட்டபோதும் வளைவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே கையாண்டார். அதைவிட வலுவான காரணம் நம் முகத்திலேயே இருக்கிறது. கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பில் விரலை வைத்துக் காதை நோக்கித் தடவிப் பாருங்கள். கைக்குத் தட்டுப்படுவது அந்த வளைவுதான். பல்லைக் கடிக்கும்போது நெற்றிப்பொட்டில் புடைக்கும் தசை, அதன் உட்புறமாக இறங்கிக் கீழ்த்தாடையைப் பற்றுகிறது. நம்மில் துளை தனித்துத் தெரிவதில்லை; வளைவு தெரிகிறது. ஒரு சிறுவன் தொட்டு உணரக்கூடிய கலைச்சொல் அடிக்கடி வாய்ப்பதில்லை.

தென்மாவட்டங்களில் வளையலை 'வளவி' என்பார்கள், ஒலி நெருங்குகிறதே என்ற ஐயம் எழலாம். 'ஒற்றை' என்ற அடையுடன் ஓர் உயிரினத்தைச் சுட்டும் இடத்தில் அக்குழப்பம் நேராது என்றே கருதுகிறேன்.

கண்குழிக்குப் பின்னால் பக்கத்துக்கு இரு துளைகள் என்னும் அமைப்பிலிருந்து வந்த டையாப்சிட் கிளைக்கு 'இரட்டைவளைவி' பொருந்தும். சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் காணும் உவர்நீர் முதலைக்கு இரு வளைவுகளும் முழுமையாக உள்ளன. கால்வாய் ஓரம் திரியும் உடும்புக்குக் கீழ்வளைவு அறுந்துபோயிருக்கிறது. காலிழந்த பாம்பையும் நான்கு கால் விலங்குகள் என்னும் பெருங்குழுவில் சேர்ப்பதுபோல, உடும்பும் மரபால் இரட்டைவளைவியே. அந்த முதலைக்கு உடும்பைவிட மைனா நெருங்கிய உறவு என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். ஊர்வன என்பது நடையைக் கொண்டு வைத்த பெயர், மரபு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

தொடக்கப் பாலூட்டிகளுக்குத் தனிச்சொல் தேவையில்லை, 'முன்பாலூட்டி' போதும். ஏறத்தாழ 205 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மார்கனுகோடான் என்னும் முன்பாலூட்டியின் தாடையில் முன்னோரிடமிருந்து வந்த பழைய மூட்டும் பாலூட்டிக்குரிய புதிய மூட்டும் அருகருகே இருந்தன. பழைய மூட்டின் இரு எலும்புகளே நம் நடுச்செவியில் சுத்தி எலும்பாகவும் பட்டடை எலும்பாகவும் மாறியுள்ளன.

கண்குழிக்குப் பின்னால் துளையே இல்லாத மண்டையோட்டைக் குறிக்கும் அனாப்சிட் என்பதற்கு 'வளைவிலி' என எழுதலாம். ஆனால் மரபணு ஆய்வுகள் ஆமையை இரட்டைவளைவிகளோடு சேர்ப்பதால், அதை மண்டையோட்டின் அமைப்பைக் குறிக்க மட்டும் பயன்படுத்துவோம்; கிளையின் பெயராகப் பட்டியலில் இட வேண்டாம். மறுப்பு இருப்பின் காரணத்துடன் எழுதுங்கள்.

அன்புடன்.