அப்பப்பாவின் தோல் பையில் பச்சைக் களிம்பு, என்ன செய்யலாம்?

உவர்மலை_மகன்:
வணக்கம். பரணைத் துப்பரவாக்கும்போது அப்பப்பாவின் கருவிப் பை கிடைத்தது. வெள்ளைக்காரன் 1957இல் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை திருகோணமலை டொக்யாட்டில் பிட்டராக இருந்தவர். தடித்த தோல், இரண்டு வார், பித்தளை பக்கிள்கள். பக்கிளில் ஒரு அம்புக்குறியும் 1941 என்றும் அடித்திருக்கிறது. பொலித்தீனில் சுற்றிக் கிடந்ததால் மேலே வெள்ளையாகப் பூஞ்சணம், பக்கிளைச் சுற்றி மெழுகு மாதிரி பச்சைப் பிசுக்கு, சில இடத்தில் தொட்டால் செங்கல் தூள் போல கையில் ஒட்டுகிறது. அம்மா தேங்காய் எண்ணெய் பூசச் சொல்கிறார், மச்சான் உலோகம் துலக்கும் பிராசோ என்கிறான். நான் அவசரப்பட்டு, குத்துவிளக்குக்குச் செய்வதுபோல ஒரு பக்கிளைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். பக்கிள் பளபளக்கிறது, அடியில் தோல் கறுத்துவிட்டது. எப்படிச் சரிசெய்வது?

உப்புவெளி:
முதலில் புளியைக் கீழே வையுங்கள், எண்ணெயையும் தொடாதீர்கள். அந்தப் பச்சைப் பிசுக்கு வந்ததே எண்ணெயால்தான். தோலில் இருக்கிற கொழுப்பின் அமிலம் பித்தளையிலுள்ள செம்போடு சேர்ந்து சவர்க்காரம் மாதிரி ஒன்றாகிறது, அதுதான் களிம்பு. மேலும் எண்ணெய் விட்டால் அதற்குத் தீனி போட்டதாகிவிடும். ஈர்க்கை நுனி மழுக்கி மெல்லச் சுரண்டி எடுங்கள், பிறகு பஞ்சில் துளி சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்டு உலோகத்தை மட்டும் துடையுங்கள். களிம்பு நஞ்சு, வாயால் ஊதாதீர்கள், கையுறை போடுங்கள்.

பிராசோ என்றால் பக்கிளுக்கும் தோலுக்கும் இடையில் பிளாஸ்டிக் அட்டை ஒன்று செருகாமல் தொடவே வேண்டாம். தையலுக்குள் போன வெள்ளைத் தூள் பிறகு லேசில் வராது. உண்மையில் அந்த அம்புக்குறி பிரிட்டிஷ் அரச சொத்து என்பதற்கான அடையாளம், தேய்க்கத் தேய்க்க அதுவும் 1941உம் மழுங்கிப் போகும். எனக்கென்றால் மங்கலாகவே விட்டுவிடுவேன்.

பழைய_சாமான்:
செங்கல் தூள் என்றீர்களே, அதுதான் கவலை. மரப்பட்டை, கடுக்காய் மாதிரியான பொருட்களால் பதனிட்ட பழைய தோலில் காலப்போக்கில் அமிலம் ஏறி நார் இற்றுப்போவதால் அப்படி உதிரும். இதற்குத் தண்ணீர் ஆகாது, ஈரம் பட்டால் கறுத்து விறைக்கும். உங்கள் புளித்தண்ணீர் செய்தது அதுவாக இருக்கலாம். இன்னொரு வாய்ப்பும் உண்டு, பக்கிள் மேலே மட்டும் பித்தளைப் பூச்சாக இருந்து உள்ளே இரும்பு என்றால், இரும்பும் கடுக்காயும் சேர்ந்தால் கறுப்பு மை வருமே, அதே வேலைதான். காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இனித் தேய்க்கவே கூடாது, பூச்சு போய்விடும்.

எப்படியானாலும் கறுத்தது கறுத்ததுதான், திரும்ப வராது.

கச்சான்காற்று:
நான் முப்பது வருடமாக என் இடுப்புப் பட்டிக்குத் தேங்காய் எண்ணெய்தான் பூசுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் எல்லாம் சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

உப்புவெளி:
அண்ணை, நீங்கள் அதைத் தினமும் கட்டுகிறீர்கள், காற்றுப் படுகிறது, நைந்தால் புதுசு வாங்குவீர்கள். இது பெட்டிக்குள் கிடக்கப் போகிற பொருள், ஒரு மாரிக்குள் சிக்கு வாடை அடிக்கும், அதன்மேல் மறுபடி பூஞ்சணம்.

தம்பி, பூஞ்சணத்தை வெளியில் வைத்து, மாஸ்க் போட்டு, மென்மையான தூரிகையால் தட்டுங்கள். வெயிலில் காயவிட வேண்டாம், நம்முடைய சித்திரை வெயிலுக்கு அது வெடித்தே போகும், நிழல் போதும். அப்புறம் பொலித்தீனைத் தூக்கி எறிந்துவிட்டு பழைய பருத்தி வேட்டியில் தளர்வாகச் சுற்றி, பைக்குள் அமிலமில்லாத தாளைத் திணித்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சிலிக்கா ஜெல் போட்டு மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். அரிசி போடுகிற யோசனை வந்தால் கைவிடுங்கள், வண்டுதான் வரும்.

உவர்மலை_மகன்:
காந்தம் வைத்துப் பார்த்தேன். புளி போட்டது ஒட்டுகிறது, மற்றது ஒட்டவில்லை! பிற்காலத்தில் யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள் போல. 1941 அடித்தது ஒட்டாததில்தான், அதை நான் தொடவில்லை. அம்மாவிடம் எண்ணெய்ப் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கொஞ்சம் கோபம். பை இப்போது விறாந்தையில் நிழலில் இருக்கிறது.